தனுஷ்கோடிச் சுவரில் கை வைத்தபோது

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் பதினெட்டு வருடமாகக் கல் பார்க்கிறேன். லாரியிலிருந்து கட்டை இறங்கியதும் தண்ணீர் ஊற்றித் துடைத்து, விரிசல் எங்கே ஓடுகிறது, பாரடைசோ என்கிற கிரானைட் ரகத்தில் ஊதா வரி எப்படிப் போகிறது என்று பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில்தான் மாசியில் ராமேஸ்வரம் போயிருந்தபோது தனுஷ்கோடி சர்ச் சுவரிலும் கையை வைத்தேன்.

1964 புயலில் மிஞ்சிய சுவர். பூச்சு உதிர்ந்து உள்கல் தெரிகிறது. கல் முழுக்கச் சின்னக் குழிகள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவை நோக்கி மெல்லிய தடுப்புகள், அரிசிமாவில் போட்ட நட்சத்திரக் கோலம் மாதிரி.

"இதெல்லாம் யாருப்பா செதுக்குனாங்க?" என்றாள் மகள்.

"யாரும் செதுக்கல பாப்பா. ஒவ்வொரு குழியும் ஒரு உயிர் இருந்த வீடு" என்றேன். கடலிலிருந்து வெட்டி வந்த பவளப்பாறை அது.

ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். சுண்ணாம்பு சுடவும் கட்டடம் கட்டவும் அவற்றைச் சுற்றியிருந்த பாறையைக் காலங்காலமாகப் பெயர்த்தார்கள். அலையைத் தடுக்க எதுவும் இல்லாமல் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 1986லேயே தேசியப் பூங்கா என்று அறிவித்தும், பவளத்தை வனவிலங்குச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்த்தது 2001இல்தான். வெட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் கல்லில்தான் சோறு தின்கிறேன்.

ஆனால் எங்கள் மலைக்கல் வளராது, அது வளரும். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். என் மகளுக்குப் பதினொரு வயது. அவள் பிறந்த அன்று முளைத்தது இன்றைக்கு அரைச் சாண் வந்திருக்கும். அதற்குள் கடல் சூடாகிவிடுகிறது. சூடு தாங்காமல், உடம்புக்குள்ளேயே இருந்து தனக்குச் சோறு போடுகிற பாசியையே வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் அப்படி நிறையச் செத்தது. இப்போது தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் உயிருள்ள பவளத் துண்டுகளைச் சட்டகங்களில் கட்டிக் கடலடியில் வளர்க்கிறார்கள். நாற்று நடுகிற வேலைதான் அது. மெதுவாக நடக்கட்டும், நடந்தால் சரி.

ஊர் திரும்பியதும் பாலிஷ் போடும் தம்பி கேட்டார்: "மீன் தொட்டிக்கு ஒரு பவளக்கல் எடுத்துட்டு வந்திருக்கலாமேண்ணா." போனில் அந்த நட்சத்திரங்களைக் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கழிவில் கிடந்த பாரடைசோ துண்டு ஒன்றை ஓரம் மழுக்கிக் கொடுத்தேன். அதைத்தான் தொட்டியில் போட்டிருக்கிறார்.