மூன்றாவது பர்ஸ்ட் டிஸ்க்கில் நின்ற கசிவு

நேற்றுக் காலை கல்லடியில் எங்கள் கிணற்றடியில் இருக்கிற நீலப் பீப்பாய்க்குள், வால்வு மூழ்கும் வரைக்கும் சுழியோடப் பாவிக்கிற காற்றுச் சிலிண்டரை இறக்கிவிட்டு, கதிரை போட்டு ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. தை மாதத்திலிருந்து இந்த ஒரு சிலிண்டரோடு மல்லுக்கட்டி, மூன்றாவது பர்ஸ்ட் டிஸ்க்கில்தான் (அமுக்கம் மீறினால் தானே கிழிந்து காற்றை விடுகிற பாதுகாப்புத் தகடு) கசிவு நின்றிருக்கிறது. அந்தச் சந்தோசத்தில்தான் எழுதுகிறேன்.

அலங்கார மீன் பிடிக்கிற தொழிலை விட்டுவிட்ட ஒரு அண்ணனிடம் வாங்கிய எஸ்80 என்கிற அளவு அலுமினியச் சிலிண்டர் இது. 11.1 லீற்றர், 207 பார் அமுக்கம், அதாவது 3000 பிஎஸ்ஐ. தோளில் 3ஏஎல்3000 (அலுமினியம், 3000 பிஎஸ்ஐ) என்றும் முதல் சோதனை 2009 என்றும் குத்தியிருக்கிறது, லக்ஸ்ஃபர் தயாரிப்பு, ஆகவே கழுத்தில் வெடிப்பு விழுகிற அந்தப் பழைய 6351 அலுமினியக் கலவையின் கவலை இல்லை (அவர்கள் 1988 இலேயே 6061 க்கு மாறிவிட்டார்கள்). கொழும்புக்கு அனுப்பி ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பிச் செய்கிற அமுக்கச் சோதனை) செய்வித்தேன், 5000 பிஎஸ்ஐ, பாஸ். ஆனால் வால்வைக் கழற்றிப் பூட்டியவர்கள் பர்ஸ்ட் டிஸ்க்கை மாற்றவேயில்லை. ஹைட்ரோவுக்குப் போகும்போது அதையும் புதிதாகப் போட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காசு கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். பழையதையே விட்டு அனுப்பியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

200 பார் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு கிழமையில் 160. முதலில் வெயில்தான் மானியோடு விளையாடுகிறது என்று நினைத்தேன், ஏனென்றால் 200 பாரில் ஒரு பாகை சூடு கூடினால் ஏறத்தாழ 0.67 பார் ஏறும், காலையில் 27 பாகையில் 200 காட்டுகிற சிலிண்டர் பூட்டிய வேனுக்குள் 57 பாகைக்குப் போனால் 220 காட்டும். அதனால் தினமும் விடியற்காலை ஆறு மணிக்கு மட்டும் பார்த்தேன். அப்போதும் இறங்கிக்கொண்டே போனது. சரி, கசிவுதான்.

பீப்பாய்க்குள் வைத்துப் பார்த்தால் எங்கே கசிகிறது என்பதைக் குமிழியே சொல்லிவிடும். வால்வை மூடியிருக்கும்போது வாய் வழியாகக் குமிழி வந்தால், உள்ளே காற்றை அடைக்கிற சீட் தேய்ந்திருக்கிறது. ரெகுலேட்டரை (மூச்சு விடுகிற கருவி) பூட்டி வால்வைத் திறந்த பிறகுதான் கைபிடியடியில் வருகிறதென்றால் ஸ்டெம்மில், அதாவது கைபிடித் தண்டில், உள்ள ஓ-ரிங் அல்லது வாசர். திறந்தாலும் மூடினாலும் ஓயாமல் வந்தால் கழுத்து ஓ-ரிங், இல்லாவிட்டால் பர்ஸ்ட் டிஸ்க், ஏனென்றால் அந்த இரண்டுக்கும் உள்ளே இருக்கிற முழு அமுக்கமும் எந்நேரமும் நேராகப் படுகிறது. என்னுடையது டிஸ்க் அடைப்பானின் பக்கத் துளையிலிருந்து, ஓயாமல் வந்தது.

பார்க்க ஒரு சின்னப் பித்தளை ஆணி மாதிரித்தான் இருக்கும். உள்ளே மெல்லிய உலோகத் தகடு, ஒரு கேஸ்கெட், மேலே துளையிட்ட அடைப்பான், அவ்வளவுதான். எங்கள் 3000 பிஎஸ்ஐ சிலிண்டர்களுக்கு 5000 என்று குறித்த தகடு வரும், அதாவது சோதனை அமுக்கத்தைத் தாண்டுவதற்குள் சிலிண்டர் வெடிக்காமல் தகடு கிழிந்து காற்றை வெளியே விட்டுவிட வேண்டும். பழைய அடைப்பான்களில் ஒரே துளைதான், கிழிந்தால் காற்று ஒரு பக்கமாகப் பீறிட்டுச் சிலிண்டரையே சுழற்றிவிடும். இப்போது வருவதில் துளைகள் எதிரெதிராக இருப்பதால் தள்ளுவிசை ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. இந்தத் தகடு ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் கொஞ்சம் புடைத்துக்கொடுக்கும், ஆண்டுக்கணக்கில் புடைத்துப் புடைத்து நொந்துபோகும், அதோடு வெளித்துளையில் தேங்குகிற கடல்நீர் மறுபக்கத்திலிருந்து அரிக்கும். அதனால்தான் பழைய தகடு ஒருநாள் 5000 க்கு வெகு கீழேயே, நிரப்பிக்கொண்டிருக்கும்போது கிழிந்துபோகிறது. நான் கழற்றி எடுத்தது சின்னக் கிண்ணம் மாதிரிக் குழிந்து, பச்சைக் களிம்பு படிந்து இருந்தது.

கழற்றுவதற்கு முன்னால் முக்கால் மணித்தியாலம் எடுத்து மெதுவாகக் காற்றை வெளியேற்றினேன். சத்தம் நின்றதும் வெறுமை என்று நம்பவில்லை. உள்ளே தொங்குகிற சின்னக் குழாயில் துரும்பு அடைத்திருந்தால் வால்வு வெறும் வாயைக் காட்டும், உள்ளே நூறு பார் இருக்கும். வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி ஊதிப் பார்த்து, மூச்சு தடையில்லாமல் உள்ளே போன பிறகுதான் ஸ்பெனரைத் தொட்டேன்.

முதலில் வந்த தகட்டின் அடைப்பானில் புரி பொருந்தவில்லை. கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருந்தது, இரண்டு சுற்றில் இறுகிவிட்டது, அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இரண்டாவது சரியான கிட், ஆனால் கையளவில் இறுக்கினேன், கசிந்தது. அப்படியே இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்று மனம் சொல்லும். காற்று உள்ளே இருக்கும்போது அந்த அடைப்பானில் கை வைக்கவே கூடாது. திரும்பவும் முக்கால் மணித்தியாலம் வெளியேற்றிக் கழற்றினால், அடைப்பான் திரும்பும்போது கேஸ்கெட்டையும் இழுத்துத் திருகி ஒரு ஓரத்தை மடித்திருந்தது. ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட்டும் தகடும் அதோடு முடிந்தன, மறுபடி போடக்கூடாது. மூன்றாவதற்கு மோட்டார் சைக்கிள் கராஜில் இருந்து, எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டுகிற டோர்க் ரென்ச் வாங்கி வந்தேன். என் வால்வின் கையேட்டில் 100 இஞ்சி-பவுண்ட், அதாவது 11 நியூட்டன் மீற்றருக்குச் சற்று மேல். கராஜ் ரென்ச் 10 இலிருந்துதான் தொடங்குகிறது, கீழ் விளிம்பு அவ்வளவு நம்பகமில்லை என்பதால் ஒரு சின்ன ரென்ச் சொந்தமாக வாங்கத்தான் வேண்டும். உங்கள் வால்வுக்கு உங்கள் கையேட்டு அளவைப் பாருங்கள், என்னுடையதை எடுக்காதீர்கள்.

காத்தான்குடியில் நான் வழக்கமாகப் போகிற லேத் கடைக் காக்கா இதைப் பார்த்துவிட்டு, "இதுக்கேன் தம்பி இவ்வளவு பாடு? பித்தளையில ஒரு போல்ட் கடைஞ்சு தாறன், அடைச்சு உடு, மறுகா எங்க லீக்?" என்றார். அவர் கடைந்தால் நிச்சயம் கசியாது, அவ்வளவு நேர்த்தியான கை. இருந்து விளக்கினேன்: காக்கா, இது கசியாமல் இருப்பதற்காக வைத்த சாமானில்லை, தேவைப்பட்ட நேரம் கிழிவதற்காக வைத்த சாமான். அவர் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், "அப்ப இது பியூஸ் கம்பி மாதிரி" என்றார். எனக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியாது. இரண்டு தகட்டை ஒன்றன்மேல் ஒன்று வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் பியூசுக்கு ஆணி வைக்கிற வேலைதான்.

உதிரிப் பாகம் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறது. ஓர்டர் கொடுக்கும்போது வால்வின் உடம்பில் உள்ள எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்புங்கள், "எஸ்80 க்கு டிஸ்க்" என்று சொன்னால் என் முதல் தகடு மாதிரித்தான் வரும். ஓ-ரிங் விஷயத்தில் இந்தத் தலைவலி குறைவு: அளவு எண் கழுத்துக்கு 214, வாய்க்கு 014, டின் வால்வென்றால் (ரெகுலேட்டரை உள்ளே திருகிப் பூட்டுகிற வகை) 112. வாய்க்குப் போடுவது கடினமான 90 டியூரோவாக இருக்கட்டும், மென்மையானது பிதுங்கி வெளியே வந்துவிடும்.

டின் என்றதும் ஞாபகம் வருகிறது. யோக்கை (ரெகுலேட்டர் வால்வை வெளியே கவ்விப் பிடிக்கிற வகை) விட்டு டின்னுக்கு மாறுகிற ஆசையில் நண்பர் ஒருவர் தந்த ஐரோப்பிய வால்வைச் சும்மா கழுத்தில் வைத்துத் திருகிப் பார்த்தேன். உள்ளே போனது, ஆனால் ஆடியது. பார்த்தால் வால்வின் புரி எம்25x2 என்கிற மில்லிமீற்றர் அளவு, என் கழுத்தின் புரி முக்கால் இஞ்சி என்பிஎஸ்எம் என்கிற அமெரிக்க அளவு. 25 மில்லிமீற்றர் வால்வு 26 க்கு மேற்பட்ட துளைக்குள் போய், புரியின் நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஓ-ரிங் உட்கார்ந்தால் குறைந்த அமுக்கத்தில் காற்றுக்கூட நிற்கும், அதுதான் பயம். 25 மில்லிமீற்றர் வட்டத்தில் 200 பார் என்றால் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோ தள்ளுகிறது. இந்தக் கலப்பில் வால்வு பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். உடனே கழற்றி, வால்வில் சிவப்புப் பெயின்டால் எம்25 என்று எழுதி வேறு பெட்டியில் போட்டேன். நிரப்பித் தருகிற இடத்துக்கு எந்தச் சிலிண்டரைக் கொண்டுபோனாலும், வால்வுக் கழுத்தில் உள்ள எழுத்தும் தோளில் உள்ள எழுத்தும் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.

வாடை ஓய்ந்து கடல் தெளியத் தொடங்கிவிட்டது. பாசிக்குடாப் பக்கம் 24 மீற்றர் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கிற பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலுக்கு இந்தச் சிலிண்டரோடு இறங்க வேண்டும் என்பதுதான் தையிலிருந்து என் எண்ணம். அது மூழ்கிய அதே நாளில், 1942 ஏப்ரல் 9 இல், மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கீழே, அதற்கு இந்தப் பயிற்சியும் இந்த ஒற்றைச் சிலிண்டரும் காணாது. அதற்குள் கைபிடியடி வாசர் இரண்டையும் மாற்ற வேண்டும், வால்வு திறக்கும்போது கொஞ்சம் பிடிக்கிறது. இன்று காலை ஆறு மணிக்கு மானி 190, வியாழக்கிழமை நிரப்பிய அதே 190.