பெரிய ஹெர்மிஸ் தலைகள்: ஒரு மதிப்பீட்டு நாட்குறிப்பு

பிப்ரவரி 4

நண்பர் ஒருவர் தம் பெரியப்பா விட்டுச்சென்ற தபால்தலைத் தொகுப்பிலிருந்து கிரேக்கப் பக்கங்களை மட்டும் பிரித்துக் கொடுத்து, எவை உண்மையானவை, என்ன விலை பெறும் என்று எழுதித் தரக் கேட்டிருக்கிறார். பெரும்பாலானவை சேகரிப்பாளர்கள் ‘பெரிய ஹெர்மிஸ் தலை’ என்று வழங்கும் வரிசையைச் சேர்ந்தவை. கிரேக்கத்தின் முதல் தபால்தலைகள் இவையே. அந்நாடு அப்போது பின்பற்றிய ஜூலியன் நாட்காட்டிப்படி 1861 அக்டோபர் 1 அன்று 1, 2, 5, 10, 20, 40, 80 லெப்டா மதிப்புகளில் வெளியாயின. நூறு லெப்டா ஒரு திராக்மா. உருவத்தைச் செதுக்கியவர் பாரிஸ் நாணயச் சாலையின் தலைமைச் செதுக்குநர் ஆல்பர் பார். மன்னர் ஓத்தோவின் முகத்தைப் போடாமல் தேவர்களின் தூதனான ஹெர்மிஸைப் பொறித்ததால், 1862இல் மன்னர் பதவியிழந்து நாட்டைவிட்டு நீங்கியபோதும் தபால்தலையை மாற்றும் தேவை எழவில்லை. 1886 வரை அதே முகம் தொடர்ந்தது. மதிப்பிடுவதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த நீண்ட ஆயுளிலிருந்துதான் பிறக்கிறது.

பிப்ரவரி 6

இன்று முழுவதும் பாரிஸ் அச்சையும் ஏதென்ஸ் அச்சையும் பிரிப்பதிலேயே கழிந்தது. முதல் தலைகளைப் பாரிஸில் எர்னெஸ்ட் மேயர் அச்சிட்டார். பின்னர் தகடுகள் ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டு, 1861 நவம்பர் முதல் அங்கேயே அச்சுப்பணி நடந்தது. தகடு ஒன்றுதான், அச்சிட்ட கை வேறு. பாரிஸ் அச்சகத்தார் அழுத்தம் எங்கே மிகவேண்டும், எங்கே குறையவேண்டும் என்று பார்த்து, தகட்டுக்கு எதிர்ப்புறம் மெல்லிய தாள்களை வைத்துச் சமன்செய்த பின்னரே அச்சிட்டனர். அதனால் ஹெர்மிஸின் கன்னத்திலும் கழுத்திலும் உள்ள நிழற்கோடுகள் மயிரிழையாக விழுந்து, வெளிச்சம் படும் இடத்தை நெருங்கும்போது மெலிந்து முடிகின்றன. ஏதென்ஸின் தொடக்க அச்சுகளில் அதே கோடுகள் தடித்து, ஒன்றோடொன்று நெருங்கி, முகத்தையே கருமையாக்கிவிடுகின்றன.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் முதலில் கன்னத்தையும் அடுத்துக் கழுத்தையும் பார்ப்பதே என் வழக்கம். நிறத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். நூற்றறுபது ஆண்டு வெயிலும் ஈரமும் பட்ட மையை நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் கோடுகள் நேர்த்தியாக இருப்பதாலேயே ஒரு தலை பாரிஸ் ஆகிவிடாது. 1868–69இல் ஏதென்ஸில் தகடுகளைத் துப்புரவு செய்து அச்சிட்டபோது கோடுகள் மீண்டும் தெளிவடைந்தன. அந்தத் தலைகளைப் பாரிஸ் என்று சொல்லி விற்பவர்களும், அப்படியே நம்பி வாங்குபவர்களும் இன்றும் உண்டு.

பிப்ரவரி 7

முழுப் போலிகளை ஒதுக்கினேன். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. உண்மையான தலைகள் மேடான தகட்டிலிருந்து அச்சானவை. ஆகவே கோடுகளின் ஓரத்தில் மை பிதுங்கிச் சற்று அடர்ந்திருக்கும்; பின்புறத்தைச் சாய்ந்த ஒளியில் பிடித்தால் அழுத்தத்தின் தடம் பல தலைகளில் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹாம்பர்க் நகரின் ஸ்பிரோ சகோதரர்கள் பல நாட்டுத் தலைகளின் நகல்களைக் கல்லச்சில், அதாவது மேடுபள்ளமற்ற தட்டைக் கல்லிலிருந்து, அச்சிட்டுப் பரப்பினர். அத்தகைய கல்லச்சு நகல்களில் மை தட்டையாகப் படிந்திருக்கும். இத்தொகுப்பில் உள்ள நகல்களில் முகத்தைச் சுற்றிய முத்து வளையமும் சீராக இல்லை. அந்தக் காலச் சிறுவர்கள் ஆல்பத்தின் வெற்றிடத்தை நிரப்ப வாங்கிய பொருள்கள் இவை. இன்று ஒரு லென்ஸும் சிறிது பொறுமையும் உள்ள எவரையும் இவை ஏமாற்ற முடியாது.

பிப்ரவரி 11

உண்மையான இடர் முழுப் போலியில் இல்லை, உண்மையான தலையில் செய்யப்பட்ட ஒரு சிறிய திருத்தத்தில் இருக்கிறது. இதை நண்பருக்கு விரிவாகவே எழுதினேன்.

இத்தலைகளின் பின்புறத்தில் மதிப்பைக் குறிக்கும் கட்டுப்பாட்டு எண் அச்சிடப்பட்டது. பாரிஸ் அச்சில் 10 லெப்டாவுக்கு மட்டும் அந்த எண் பெரிய அளவில் உண்டு. மற்றவற்றின் முதுகு வெறுமையானது. ஏதென்ஸ் அச்சில் 5 முதல் 80 லெப்டா வரை எண் இடப்பட்டது. 1, 2 லெப்டாவுக்கு எப்போதும் இல்லை. 1876இல் புதிதாகச் சேர்ந்த 30, 60 லெப்டா தலைகளுக்கும் இல்லை. பிற்காலத்தில் ஏனைய மதிப்புகளுக்கும் இம்முறை கைவிடப்பட்டது. ஆகவே, எண் உள்ள ஏதென்ஸ் தலையின் முதுகைச் சுரண்டிவிட்டால் அதைப் பாரிஸ் என்று காட்ட முயலலாம். எதிர்த் திசையிலும் மோசடி நடக்கிறது: எண் தலைகீழாகவோ இரட்டையாகவோ விழுந்த பிழைகளுக்குத் தனி விலை உண்டென்பதால், சாதாரணத் தலையின் பின்னால் எண்ணைப் புதிதாக வரைந்துவிடுகிறார்கள்.

சுரண்டிய இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காகிதம் மெலிந்து தெரியும். சாய்ந்த ஒளியில் இழைகள் கலைந்து நிற்கும். வேதிப்பொருளால் வெளுத்திருந்தால் புற ஊதா விளக்கில் அந்த இடம் மட்டும் வேறு நிறமாக ஒளிரக்கூடும். இத்தொகுப்பில் ‘பாரிஸ்’ என்று பென்சிலால் குறித்துவைத்த ஒரு 20 லெப்டாவின் முதுகில் இந்த மெலிவு எண்ணின் வடிவத்திலேயே இருக்கிறது. கன்னக் கோடுகளும் தடித்தவையே. அது உண்மையான கிரேக்கத் தலைதான். ஆனால் பழுதுபட்ட ஏதென்ஸ் தலைக்குரிய விலைக்கு மேல் அதற்கு ஒன்றும் கிடைக்காது.

பிப்ரவரி 15

ஒரே ஓர் உறை இருக்கிறது, ஏதென்ஸிலிருந்து பிரான்சின் மர்சேய்க்குச் சென்றது. தலை உண்மையானதா என்பதோடு, அது அந்த உறையில்தான் பயணம் செய்ததா என்பதையும் இங்கே கேட்டாகவேண்டும். புள்ளிகளாலான சாய்சதுரத்தின் நடுவே அஞ்சலகத்தின் எண் கொண்ட முத்திரையே அக்காலத்தில் தலைகளின் மீது குத்தப்பட்டது. ஏதென்ஸின் எண் 1. முத்திரையின் புள்ளிகள் தலையைத் தாண்டி உறையின் காகிதத்திலும் ஒரே மையில், ஒரே வரிசையில் தொடரவேண்டும்.

அடுத்து நாட்கணக்கு. கிரேக்கம் 1923 வரை ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவின் கிரிகோரியன் நாட்காட்டிக்குப் பன்னிரண்டு நாள் பின்தங்கியிருந்தது. ஏதென்ஸில் மார்ச் 3 என்று முத்திரை பெற்ற கடிதம் மர்சேயில் மார்ச் 22 என்ற முத்திரையைப் பெற்றிருந்தால், பயணம் பத்தொன்பது நாள் அன்று, ஏழே நாள். கடிதம் மார்ச் 5 அன்றே மர்சேயை அடைந்ததாக ஓர் உறை காட்டினால், அதன் முத்திரைகளில் ஒன்றையாவது சந்தேகிக்கவேண்டும். இந்த உறை அக்கணக்கில் தேறியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது.

பிப்ரவரி 19

விலைக்கு வந்தேன். சேகரிப்பாளர்களுக்கான விலைப்பட்டியலில் உள்ள பட்டியல் விலை என்பது குறையற்ற தலைக்கானது. இவைபோல், கிழித்தெடுக்க ஓரத்தில் துளையிடப்படாத தலைகளில் குறையற்றது என்றால் நான்கு பக்கமும் தெளிவான வெள்ளை விளிம்பு வேண்டும். அஞ்சலகத்தில் கத்தரிக்கோலால் அவசரமாக வெட்டிக் கொடுத்த காலம் ஆதலால், ஒரு பக்கமாவது சட்டகக் கோட்டைத் தொட்டு வெட்டுப்பட்டவையே மிகுதி. அவற்றைப் பட்டியல் விலையின் சிறு பங்குக்கே கணக்கிட்டேன். ஒரு 80 லெப்டாவின் கீழ் விளிம்பு அளவுக்கு மீறி அகலமாக இருந்ததால் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒட்டுப் போட்ட தடம் இல்லை. அது இத்தொகுப்பின் மிகச் சிறந்த பாரிஸ் தலை என்று எழுதிவிட்டேன்.

எஞ்சியது செம்மை ஏறிய ஊதா நிறத்தில் உள்ள ஒரு 40 லெப்டா. 1871ஆம் ஆண்டின் ‘சோல்ஃபெரினோ’ நிறத் தலை பெரிய ஹெர்மிஸ் வரிசையின் புகழ்பெற்ற அரியவற்றுள் ஒன்று. அதனாலேயே சாதாரண 40 லெப்டாவின் ஊதாவை வேதிமுறையில் மாற்றி அதுவாகக் காட்டுகிறார்கள். இங்கே லென்ஸால் தீர்ப்புச் சொல்லமுடியாது. கிரேக்கத் தலைகளில் தேர்ந்த நிபுணரின் சான்றிதழ் வரும்வரை அதைச் சாதாரண 40 லெப்டா என்றே கணக்கில் வைத்து, யாருக்கும் விற்கவேண்டாம் என்று நண்பருக்கு எழுதியிருக்கிறேன்.