தேசிய அணியில் ஆள் மாற்றம்: 45 நொடிக் கணக்கு

தேசிய அணிக்கு ஐஸ் ஹாக்கி ஆடப் போகிறவர்கள் ஸ்கேட்டிங்கையும் ஷாட்டையும் மெருகேற்றுவார்கள். ஆட்டம் நடக்கும்போதே ஒருவர் வெளியேறி இன்னொருவர் இறங்கும் ஆள் மாற்றத்தை மறந்துவிடுவார்கள். வெவ்வேறு கிளப்களிலிருந்து வந்து சில நாள்களே சேர்ந்து பயிற்சி செய்யும் அணி முதலில் தடுமாறுவது இங்கேதான்.

ஒரு ஷிஃப்ட், அதாவது ஒருவர் ஒரு முறை களத்தில் ஆடும் நேரம், 40 முதல் 50 நொடி. ஒரு நிமிடத்தைத் தாண்டினால் தொடை கனக்கும், முழங்கால் மடங்காது, உடல் நிமிர்ந்துவிடும், பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) தொட குச்சி ஒரு கணம் தாமதமாக நீளும். களைப்பதற்கு முன்பே மாறிவிடுங்கள்.

எப்போது மாறுவது? நடுச் சிவப்புக் கோட்டைக் கடந்து, பக்கை எதிரணி எல்லையின் ஆழத்துக்குத் தள்ளிய பிறகு. கோட்டுக்கு முன்பே அடித்து, பக் யாரும் தொடாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால், ஐசிங் என்ற விதிமீறல் ஆகலாம். அப்படி ஆகிவிட்டால் களத்தில் இருப்பவர்கள் மாற முடியாது. களைத்த காலோடு சொந்த எல்லையில் ஃபேஸ்-ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது). இதைவிடக் கொடுமையான நிலை ஆட்டத்தில் குறைவு.

வெளியேறுபவர் பெஞ்சுக்கு 1.5 மீட்டருக்குள் வந்து, ஆட்டத்தில் தலையிடாமல் இருந்தால்தான் அடுத்தவர் இறங்கலாம். முந்தினால் அணிக்கு 2 நிமிடத் தண்டனை. வருகிறவர் தன் இடத்தை, "இடது!", "நடு!" என்று கத்திச் சொல்ல வேண்டும். கிளப்புக்குக் கிளப் சொல் மாறும், முதல் பயிற்சியிலேயே பேசி ஒன்றாக்குங்கள்.

இரண்டாம் 20 நிமிடம்தான் உண்மையான சோதனை. அணிகள் முனை மாறுவதால் தற்காப்பு வீரர்களுக்கு பெஞ்ச் தூரமாகிவிடும். இருவரும் ஒன்றாக ஓடினால் பின்னால் கோல்கீப்பர் தனியே நிற்பார். பெஞ்சுக்கு அருகில் இருப்பவர் முதலில் மாறட்டும். அவர் இடத்துக்கு ஆள் வந்த பிறகே மற்றவர் கிளம்ப வேண்டும்.