டிரில், கிரைண்டர் வயர்: டேப் சுற்றினால் போதாது

வயர் பெரும்பாலும் நடுவில் பழுதாவதில்லை. கைப்பிடிக்குள் நுழையும் ரப்பர் குழாய் முடிகிற இடத்தில்தான் பழுதாகும். மடங்கி மடங்கி உள்ளே செம்பு இழைகள் அறும். மிச்சமுள்ள இழைகளில் மொத்தக் கரண்டும் ஓடி அந்த இடம் சுடும். மெஷின் விட்டுவிட்டு ஓடினாலோ, அங்கே தொட்டால் சுட்டாலோ இனி ஓட்டாதீர்கள். டேப் வெடிப்பை மறைக்கும், சரிசெய்யாது; வயரையே மாற்ற வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகே கழற்றுங்கள். எந்த வயர் எங்கே என்று போட்டோ எடுத்து வையுங்கள். மெஷின் லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் அதற்கு எர்த் இல்லை, இரண்டு கோர் (வெளி உறைக்குள் இருக்கும் தனித்தனிக் கம்பி) வயர்; எர்த் உள்ள மெஷினுக்கு மூன்று கோர் கட்டாயம். ஒவ்வொரு கோரின் செம்புத் தடிமன் 10 ஆம்பியர் வரை 1 சதுர மி.மீ., 16 வரை 1.5. பழையதைவிட மெல்லிசாக வேண்டவே வேண்டாம். ரப்பர் உறை வயரே நல்லது, பிவிசி குளிரில் விறைக்கும்.

அதிகம் தவறுவது கைப்பிடிக்குள் வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பில். அது வெளி உறையைக் கவ்வ வேண்டும், உள் கோர்களை அல்ல. இல்லையென்றால் இழுக்கிற பாரம் முழுக்க ஸ்க்ரூ முனைக்குப் போகும். எர்த் வயரைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். பிய்ந்தாலும் அது கடைசியாகப் பிய்யட்டும். ஸ்க்ரூவில் மாட்டும் நுனிக்கு ஈயம் பூசாதீர்கள்: ஈயம் நாளடைவில் நசுங்கும், பிடி தளரும், சூடேறும். அதற்குப் பதில் நுனிக்குழாய் (ஃபெரூல் என்னும் சிறு உலோகக் குழாய்) போட்டு நசுக்குங்கள்.

எர்த் உள்ள மெஷினென்றால், மூடிய பின் மல்டிமீட்டரில் பிளக்கின் எர்த் பின்னுக்கும் உலோக உடலுக்கும் இடையே பாருங்கள், வயரை ஆட்டிக்கொண்டே. 1 ஓமுக்கு நன்றாகக் கீழே, அசையாமல் நிற்க வேண்டும். எண் தாவினால் திரும்பத் திறங்கள்.