நாயை விட்டுவிட்டு ஏறச் சொன்ன படகு

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது, மீட்புப் படகுகளிலும் பேருந்துகளிலும் முகாம்களிலும் வளர்ப்பு விலங்குகளுக்குப் பெரும்பாலும் இடம் மறுக்கப்பட்டதால், தம் நாயையோ பூனையையோ விட்டுவர மனமின்றி வெள்ளம் சூழ்ந்த வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் பலர். இருப்பது ஓர் இடம்தான் எனில் அது மனிதருக்கே உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. பூனையை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுவதால் சற்றுக் குற்ற உணர்வும் இருக்கிறது. ஆனால் அந்தப் படகில் உண்மையிலேயே இடமில்லையா, அல்லது இடம் ஒதுக்க எவருக்கும் தோன்றவில்லையா? விலங்கைக் கைவிடச் சொன்ன விதியே அதை வளர்த்தவரின் உயிரையும் ஆபத்தில் தள்ளியது. மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் பேரிடர்கால வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்த்தாக வேண்டும் என்று 2006 அக்டோபரில் அமெரிக்கா சட்டமே இயற்றியது.