பாதியில் நின்ற எம்.டி.எஸ்.

அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை என்றால் ஊசி, மாத்திரை, டிரெஸ்ஸிங் என்றுதான் திருச்சியில் இருந்தபோது நினைத்திருந்தேன். வந்து வார்டில் கொஞ்ச காலம் ஓடினேன். அப்புறம் எம்.டி.எஸ். நர்ஸ் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கால்வலி போய்க் கழுத்துவலி வந்தது.

எம்.டி.எஸ். என்றால் மினிமம் டேட்டா செட், ஒருவருடைய உடல்நிலை, மனநிலையை மதிப்பிடும் படிவம். 1987இல் வந்த முதியோர் இல்லச் சீர்திருத்தச் சட்டத்தில் வேர் உள்ள சமாச்சாரம். மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளின் பணம் வாங்கும் இல்லம், தங்கியிருக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் இதை நிரப்பி மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும். சேர்ந்த 14 நாளுக்குள் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக. தானாகச் சாப்பிடுகிறாரா, விழுந்தாரா, எடை குறைந்ததா, மனசு சோர்ந்திருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் போகும்.

ஒருவர் ஹாஸ்பிஸில் சேர்ந்தாலும் புதிதாக ஒன்று போட வேண்டும். இனி ஆறு மாதம் தாண்டுவது கடினம் என்று டாக்டர்கள் சான்று கொடுத்து, வலியைத் தணிப்பதே போதும் என்று முடிவெடுத்த நிலை அது. சேர்ந்த தேதியிலிருந்து 14 நாள் கெடு. போன வாரம்தான் இன்னொரு மதிப்பீடு முடித்தோமே என்றால் எடுபடாது.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தேன். ஞாபகசக்திக் கேள்வியில் மூன்று சொல் சொல்லித் திருப்பிக் கேட்க வேண்டும்: சாக் (காலுறை), ப்ளூ, பெட். உடனே திருப்பிச் சொன்னார். வருஷம், மாதம், கிழமை கேட்டுவிட்டு மறுபடி கேட்டால் ப்ளூ மட்டும் வந்தது. ‘உடுத்துவது’ என்று குறிப்புக் கொடுத்தேன், தொப்பி என்றார். ‘ஒரு மரச்சாமான்’ என்றேன். “அதில்தானே படுத்திருக்கேன்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு மதிப்பெண் கிடையாது. பெட் என்ற சொல் வாயில் வர வேண்டும். பூஜ்யம் போட்டேன்.

வார இறுதியில் தாத்தா போய்விட்டார். திங்கட்கிழமை திரையில் பாதி நிரம்பிய ஃபைல். நம் ஊர் ஆபீஸ் பழக்கம், ஆரம்பித்த ஃபைலை எப்படியாவது கட்டி முடித்துவிடச் சொல்கிறது. எங்கள் தலைமை நர்ஸ் ஒரு பிலிப்பைன்ஸ் அம்மா. எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட, நான் மட்டும் இன்னும் ‘மேம்’தான். “அதைத் தொடாதே” என்றார் அவர். கெடு முடியுமுன் இறந்துவிட்டால் மதிப்பீட்டை முடிக்கத் தேவையில்லை. செய்தவரை அவருடைய ரெக்கார்டில் வைத்தால் போதும். சரியான விதி என்று எனக்குப் படுகிறது. இல்லாத ஆளின் நடையையும் மனசையும் பழைய குறிப்புகளைப் பார்த்து ஊகித்து நிரப்புவதில் யாருக்கு என்ன லாபம்?

முடிக்க வேண்டியது இறப்புப் பதிவு ஒன்றுதான். 7 நாளுக்குள் நிரப்பி, 14 நாளுக்குள் அனுப்ப வேண்டும். அடையாள விவரம், இறந்த தேதி, அவ்வளவுதான். எங்கே போனார் என்ற கட்டத்தில் வீடு, ஆஸ்பத்திரி, வேறு இல்லம் என்று நீளும் பட்டியலில் 13ஆம் எண்: காலமானார். ஆனால் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகி அங்கே இறந்தவருக்கு இது பொருந்தாது. அவருக்கு டிஸ்சார்ஜ் மதிப்பீடு.

பணம் சம்பந்தப்பட்டால் மட்டும் கதை வேறு. மெடிகேர் செலவில் சிகிச்சைக்கு வந்தவர் முதல் எட்டு நாளுக்குள் இறந்தால், கட்டணத்துக்கான அந்த முதல் மதிப்பீட்டை முடிந்தவரை நிரப்பி அனுப்பச் சொல்கிறது எம்.டி.எஸ். கையேடு. அனுப்பாவிட்டால் இல்லத்துக்குக் கிடைப்பது குறைந்த ரேட்தான். கணக்குப்பிள்ளை எந்த நாட்டிலும் கணக்குப்பிள்ளைதான்.

ஹாஸ்பிஸ் மதிப்பீட்டை 14ஆம் நாள்வரை இழுப்பவர்கள் உண்டு. ஆள் நிலைமை தெளியட்டும் என்பார்கள். நான், ஆள் ஹாஸ்பிஸில் சேர்ந்த மறுநாளே பேட்டிக் கேள்விகளைக் கேட்டுவிடுகிறேன். வலி தூங்கவிடுகிறதா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. இல்லை என்று அவர் சொன்னால், ஹாஸ்பிஸ் நர்ஸுக்கு அப்போதே போன் போடலாம். ராத்திரி மருந்தின் அளவை அன்றைக்கே மாற்றிவிடுவார்கள்.