ரோம்மலின் கண்ணாடி

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியப் படையை நடத்திய எர்வின் ரோம்மல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே புகைப்படம்தான்: தொப்பியின் மேலே ஏற்றிவிட்ட பெரிய தூசிக்கண்ணாடி, வெயிலுக்குச் சுருங்கிய கண்கள், கழுத்தில் பதக்கம். அந்தக் கண்ணாடி ஜெர்மானியருடையது அல்ல. 1941 ஏப்ரலில் லிபியாவின் மெக்கிலியில் ஒரு பிரிட்டிஷ் ஜெனரல் தம் படையோடு பிடிபட்டபோது, அங்கே கிடந்த பொருள்களிலிருந்து ரோம்மல் தமக்கென்று எடுத்துக்கொண்டது. பள்ளி நாள்களில் அந்தப் படத்தைப் பார்த்து மயங்கியவர்களில் நானும் ஒருவன். மயக்கம் தெளிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன என்றாலும், எந்த இடத்தில் தெளிந்தது என்பதை எழுதிப் பார்த்ததில்லை. என்னைவிட மூத்த நண்பர் ஒருவர், போர் வரலாறு படிப்பதில் எனக்கு முன்னோடி, ரோம்மல் உண்மையிலேயே மகத்தான தளபதிதானா என்ற விவாதத்தை அண்மையில் மறுபடியும் கிளப்பினார்.

"எதிரியே எழுந்து நின்று புகழ்ந்த தளபதி வேறு யாராவது உண்டா, தம்பி?" என்று கேட்டார்.

"புகழ்ந்தது உண்மைதான் அண்ணே. என்றைக்குப் புகழ்ந்தார் என்று பாருங்கள்" என்றேன்.

அன்று 1942 ஜனவரி 27. ரோம்மலைத் துணிவும் திறமையும் மிக்க எதிரி, போரின் அழிவுகளுக்கு அப்பால் நின்று சொல்வதானால் ஒரு மகத்தான தளபதி என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் பேசினார். அதற்கு ஆறு நாள்களுக்கு முன்னர்தான், தோற்று ஓடிவிட்டதாகக் கருதப்பட்ட ரோம்மல் லிபியாவின் எல் அகெய்லாவிலிருந்து திடீரென்று திரும்பித் தாக்கத் தொடங்கியிருந்தார். மலாயா கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. டிசம்பரில் இரண்டு பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்திருந்தன. சர்ச்சில் அன்று பேசியதே தம் அரசின்மீது நம்பிக்கை வாக்கெடுப்பு கோரித்தான். தன் ஆள்கள் ஏன் தோற்கிறார்கள் என்று சபைக்கு விளக்கவேண்டிய ஒருவருக்கு, எதிரில் நிற்பவன் சாதாரண ஆள் அல்ல என்பதைவிட வசதியான விளக்கம் கிடைக்காது. அந்தப் புகழ்ச்சி முழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நண்பர் அதை நீதிபதியின் தீர்ப்புப் போலக் காட்டும்போது, அது வழக்கில் சிக்கியவரின் வாக்குமூலம் என்பதை நினைவூட்டவேண்டியிருக்கிறது. வட ஆப்பிரிக்கப் போருக்குப் பொறுப்பிலிருந்த பிரிட்டிஷ் தளபதி ஆச்சின்லெக்குக்கு இந்த மாதிரிப் புகழ்ச்சி பிடிக்கவே இல்லை. நம் வீரர்கள் ரோம்மலை மந்திரவாதி போலவும் பூச்சாண்டி போலவும் பேசுகிறார்கள், இனி எதிரியைக் குறிப்பிடும்போது ஜெர்மானியர் என்றோ அச்சுப்படை (ஜெர்மனி, இத்தாலிக் கூட்டணிப் படை) என்றோதான் சொல்லவேண்டும் என்று தம் கீழிருந்த தளபதிகளுக்குச் சுற்றறிக்கையே அனுப்பினார்.

மறுபக்கத்தில் ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் இருந்தார். கட்சிக்குப் பிடித்த, பிரபு குலத்தில் பிறக்காத, முன்னணியில் நிற்கும் வீரத் தளபதி ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார். பள்ளி ஆசிரியரின் மகனான ரோம்மல் அச்சு வார்த்தது போலப் பொருந்தினார். 1940இல் பிரான்சில் சோம் ஆற்றைத் தம் படை கடந்த காட்சியைப் பிரசாரப் படத்துக்காக மறுபடி நடத்திக் காட்டியதும் இதே ரோம்மல்தான். ஆப்பிரிக்காவில் அவருடைய தலைமையகத்திலேயே பிரசார அமைச்சகத்தின் அதிகாரி பெர்ன்ட் பணியாற்றினார். புகழ் தானாகத் தேடிவந்து ஒட்டிக்கொண்டது என்று நினைப்பவர்கள் இதையெல்லாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் மனிதர் கெட்டிக்காரர் அல்ல என்று வாதிடுவது எளிதல்ல. நான் அப்படி வாதிடவும் மாட்டேன். முதல் உலகப் போரில், 1917 அக்டோபரில், இளம் அதிகாரியாக மத்தாயூர் மலையைப் பிடித்தது முதல் அவரிடம் ஒரே குணத்தைக் காணலாம்: எதிரி அடுத்த முடிவை எடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அவர் வாசனை பிடித்துவிடுவார். 1942 மே மாதம் லிபியாவில் நடந்த கசாலாப் போர் அதற்கு முழுமையான எடுத்துக்காட்டு. பிரிட்டிஷ் அரண்வரிசையின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனவர், இரண்டு மூன்று நாள்களில் எரிபொருளும் தண்ணீரும் குறைந்து, தம் முதுகுப்புறத்தில் எதிரியின் கண்ணிவெடி வயல்கள் கிடக்க, தாமே விரித்த வலையில் தாமே விழுந்தவராக நின்றார். அந்த நிலையில் பின்வாங்குவதுதான் பாடநூல் சொல்லும் வழி. அவரோ அங்கேயே டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளை நிறுத்தித் தற்காத்துக்கொண்டு, மேற்குப் பக்கமாகத் திரும்பிக் கண்ணிவெடி வயலுக்கு நடுவில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படையணி ஒன்றை ஜூன் 1ஆம் தேதிக்குள் நசுக்கித் தம் வழங்கல் வழியைத் திறந்துகொண்டார். எதிரே இருந்த பிரிட்டிஷ் தளபதி ரிட்சி ஆலோசனைக் கூட்டங்களில் நாள்களைச் செலவிட்டார். ஜூன் 21இல் லிபியத் துறைமுகமான டோப்ருக் வீழ்ந்தது. ஏறத்தாழ 33,000 பேர் கைதாயினர். அதற்கு முந்தைய ஆண்டு 241 நாள்கள் முற்றுகையைத் தாங்கிய அதே டோப்ருக். மறுநாளே ரோம்மல் ஃபீல்ட் மார்ஷல் ஆனார்.

என் மயக்கம் தெளிந்த இடம் அதற்கு அடுத்த வாரம்.

திரிப்போலித் துறைமுகத்திலிருந்து எகிப்தின் எல் அலாமெய்ன் வரை கடற்கரைச் சாலையில் 2,000 கிலோமீட்டருக்கும் மேல். ரயில் பாதை என்று சொல்லிக்கொள்ளத் தக்கது லிபியாவில் இல்லை. பாலைவனத்தில் இயங்கும் ஒரு மோட்டார் டிவிஷனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 350 டன் பொருள் வேண்டும். பெட்ரோல் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி திரிப்போலியிலிருந்து புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். இரண்டுக்கும் குடிப்பது அதே பெட்ரோலைத்தான். மணல் வடிகட்டியை அடைக்கிறது, டயர் கிழிகிறது, வானத்திலிருந்து குண்டு விழுகிறது. படை முன்னேற முன்னேற, லாரி கொண்டுசேர்க்கும் பங்கு குறைந்து, வழியிலேயே தின்று தீர்க்கும் பங்கு கூடுகிறது. பெங்காசியும் டோப்ருக்கும் பக்கத்திலிருந்த துறைமுகங்கள்தாம், ஆனால் அவற்றின் கொள்ளளவு சிறியது, குண்டுவீச்சுக்கும் எட்டும் தூரம். இத்தாலியர்கள் கப்பல்களைக் காக்கத் தவறினார்கள் என்று ரோம்மல் கடைசிவரை குற்றம் சாட்டினார். சில மாதங்களில் கப்பல் இழப்பு கொடுமையாக இருந்ததும் மெய். இருந்தும் மொத்தக் கணக்கில், இத்தாலியிலிருந்து அனுப்பியதில் பெரும்பகுதி ஆப்பிரிக்கக் கரையைச் சேரவே செய்தது. அங்கிருந்து போர்முனைக்கு எடுத்துச் செல்லத்தான் வழியில்லை. அந்தத் தூரத்தை உண்டாக்கியவர் ரோம்மலேதான்.

சூயஸ் வரை போக இன்னும் இரண்டு டாங்கிக் கோர்கள் (சில டிவிஷன்கள் சேர்ந்த படைத்தொகுதிகள்) வேண்டும் என்று ரோம்மல் கேட்டதாகவும், அவற்றுக்கு எப்படித் தீனி போடுவீர்கள் என்று தாம் வினவியதற்கு, அது உங்கள் பாடு என்று பதில் சொன்னதாகவும் ஜெர்மானியத் தரைப்படைத் தலைமை அதிகாரி ஹால்டர் பிற்காலத்தில் குறிப்பிட்டார். ஹால்டருக்கு ரோம்மலைக் கண்டாலே ஆகாது என்பதால் அந்த வார்த்தைகளை நான் எழுத்துக்கு எழுத்து நம்பவேண்டியதில்லை. நடந்தது அதே தொனியில்தான் நடந்தது. டோப்ருக் வீழ்ந்தபின் படை நின்று இளைப்பாற, விமானங்கள் கப்பல் வழியில் பிரிட்டிஷார் வசமிருந்த மால்ட்டாத் தீவைப் பிடிக்கத் திரும்பவேண்டும் என்பது முன்பே ஒப்புக்கொண்ட திட்டம். மத்தியதரைக் கடல் பகுதியின் ஜெர்மானிய விமானப்படைத் தளபதி கெசல்ரிங் அதை நினைவூட்டினார். டோப்ருக்கில் கிடைத்த 2,000 வாகனங்களும் 1,400 டன் எரிபொருளும் எகிப்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று ரோம்மல் ஹிட்லரையும் முசோலினியையும் நம்பவைத்தார். கெய்ரோவுக்குள் வெற்றி ஊர்வலம் போவதற்காக முசோலினி லிபியாவுக்கே பறந்து வந்து மூன்று வாரம் காத்திருந்துவிட்டு ஊர் திரும்பினார். (இந்த வரலாற்றில் சிரிக்கக் கிடைக்கும் சில இடங்களில் இது ஒன்று.)

ஜூலை 1ஆம் தேதி, அலெக்சாண்டிரியாவுக்கு 100 கிலோமீட்டர் சொச்சம் இருக்கும்போது, ஜெர்மானிய ஆப்பிரிக்கப் படையிடம் ஓடக்கூடிய டாங்கிகள் 55 மட்டுமே இருந்தன. அன்று தெய்ர் எல் ஷெய்ன் என்ற பள்ளத்தில், ஈராக்கிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்டிருந்த 18ஆம் இந்தியப் படையணி குறுக்கே நின்றது. மாலைக்குள் அது அழிந்தது. அழிவதற்குள் அந்த 55 டாங்கிகளில் 18 செயலிழந்திருந்தன. ஒரு முழுப் பகலும் போயிருந்தது. எல் அலாமெய்ன் என்றால் அக்டோபரும், பின்னர் வந்த பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியும் மட்டுமே பேசப்படுகிறார்கள். ரோம்மலின் ஆட்டம் ஜூலையில் ஆச்சின்லெக்கிடமே நின்றுவிட்டது என்பது என் கட்சி. அக்டோபரில் நடந்தது ஆளும் தளவாடமும் இரண்டு மடங்கு வைத்திருந்தவர் அந்தக் கணக்கைப் பொறுமையாக முடித்தது.

இதில் இன்னொன்றும் சேர்கிறது. கெய்ரோவிலிருந்த அமெரிக்க ராணுவத் தூது அதிகாரி ஃபெல்லர்ஸ், பிரிட்டிஷ் படைகளின் நிலையை விவரமாக வாஷிங்டனுக்குத் தந்தியடித்துவந்தார். அந்தச் சங்கேதம் அச்சு நாடுகளிடம் சிக்கியிருந்தது. பல மாதங்கள் எதிரியின் பலவீனம் ரோம்மலின் மேசைக்கே வந்துகொண்டிருந்தது. 1942 ஜூன் கடைசியில் அமெரிக்கர்கள் சங்கேதத்தை மாற்றினார்கள். ஜூலை 10இல் அவருடைய வானொலி ஒற்றுப் படைப்பிரிவை ஆஸ்திரேலியர்கள் டெல் எல் ஐசாவில் அழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பழைய 'உள்ளுணர்வு' பெரிதாகப் பலித்ததாகத் தெரியவில்லை. ஒற்றர் செய்தியைப் பயன்படுத்துவதும் தளபதியின் திறமைதானே என்றார் நண்பர். ஆம், திறமைதான், ஆனால் அதற்கு மந்திரம் என்று பெயரில்லை.

முன்னணியில் நின்று படை நடத்துவதை அவருடைய தலைசிறந்த குணமாகச் சொல்வார்கள். 1941 நவம்பர் 24இல் அந்தக் குணமே அவரைத் தலைகீழாக்கியது. டோப்ருக்கைச் சுற்றிப் பெரும்போர் முடிவாகாமல் இருக்கும்போதே, இருந்த டாங்கிகளைத் திரட்டிக்கொண்டு எகிப்து எல்லைக் கம்பிவேலியை நோக்கிப் பாய்ந்தார். வழியில் அவருடைய கார் நின்றுவிட்டது. பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றிய 'மாமத்' எனப்பட்ட பெரிய கட்டளை வண்டியில் வந்த ஆப்பிரிக்கப் படைத் தளபதி க்ரூவெல் அவரை ஏற்றிக்கொண்டார். இருட்டில் கம்பிவேலியில் வழி கண்டுபிடிக்க முடியாமல், ஆப்பிரிக்காவில் இருந்த ஜெர்மானியத் தலைமை முழுவதும் அந்த ஒரே பெட்டிக்குள் எதிரிப் படைகளுக்கிடையே இரவைக் கழித்தது. வண்டி பிரிட்டிஷ் வண்டி என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. அந்தப் பாய்ச்சலில் அவருடைய டாங்கிகள் பிரிட்டிஷாரின் இரண்டு பெரிய கிடங்குகளின் பக்கமாகவே போயும் அவற்றைக் கவனிக்கவில்லை. இதற்கிடையில் தலைமையகத்தில் தனியே விடப்பட்டிருந்த இளநிலை அதிகாரி வெஸ்ட்ஃபால், மேலே கேட்க ஆளில்லாமல், ஒரு டாங்கி டிவிஷனைத் தம் பொறுப்பிலேயே திரும்பி வரச் சொன்னார். 1942 ஜனவரித் தொடக்கத்துக்குள் ரோம்மல் தொடங்கிய இடமான எல் அகெய்லாவுக்கே பின்வாங்கியிருந்தார்.

போர் முடிந்தபின் புகழுக்கு மூன்றாவது தேவை முளைத்தது. 1950இல், அவரிடம் போர்க்கைதியாக இருந்த ஒரு பிரிட்டிஷ் அதிகாரியே பாராட்டி வாழ்க்கை வரலாறு எழுதினார். மறு ஆண்டு ஹாலிவுட் அதைப் படமாக்கியது. சோவியத்துக்கு எதிராக மேற்கு ஜெர்மனிக்கு மறுபடி ராணுவம் வேண்டியிருந்த நேரம் அது. கைகுலுக்கத் தக்க ஒரு ஜெர்மானியத் தளபதி அவசியமானார். ரோம்மலின் நார்மண்டித் தலைமை அதிகாரி ஸ்பைடல் 1957இல் நேட்டோவின் மத்திய ஐரோப்பியத் தரைப்படைகளுக்கே தலைவரானார். பாலைவனப் போர் 'சுத்தமான' போர் என்ற பேச்சும் அப்போது வேரூன்றியது. 1942 ஜூலையில் வால்ட்டர் ராவுஃப் தலைமையில் எஸ்.எஸ். கொலைப்படை ஒன்று ஏதென்ஸில் தயாராகக் காத்திருந்தது. ரோம்மல் கெய்ரோவைப் பிடித்திருந்தால் அவர் பின்னாலேயே போய் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் யூதர்களைக் கொல்வதே அதன் வேலை. அதற்கு ஆணையிட்டவர் ரோம்மல் அல்லர். ஆனால் அந்தக் கதவைத் திறக்கும் சாவி அவர் கையில் இருந்தது. போர் சுத்தமாக இருந்ததற்கு ஒரு காரணம் அவர் தோற்றது.

ஒரு டாங்கி டிவிஷனை ரோம்மலிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன், ஒரு கோர் என்றால் யோசித்துக் கொடுப்பேன், ஒரு போர்முனையைக் கொடுக்கவே மாட்டேன் என்று நண்பரிடம் சொன்னேன்.

"நார்மண்டியை என்ன செய்வாய்?" என்றார்.

அங்கேதான் எனக்குச் சங்கடம். 1944இல், நேச நாடுகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்கு முன், டாங்கிகளைக் கடற்கரையை ஒட்டியே வைக்கவேண்டும், நேச நாட்டு விமானங்கள் பறக்கும்போது உள்நாட்டிலிருந்து அவற்றைக் கொண்டுவர முடியாது என்று ரோம்மல் வாதிட்டார். மேற்கில் டாங்கிப் படைகளின் தளபதியாக இருந்த கெய்ர் வான் ஷ்வெப்பன்பர்க் அவற்றைப் பாரிஸ் பக்கமாக மொத்தமாக வைத்துத் திரட்டித் தாக்கலாம் என்றார். ஹிட்லர் இருவருக்கும் பாதிப் பாதி கொடுத்துக் கெடுத்தார். நேசப்படை இறங்கிய ஜூன் 6 அன்று ரோம்மல் மனைவியின் பிறந்தநாளுக்காக ஹெர்லிங்கனில் தம் வீட்டில் இருந்தார் என்பதை நான் எடுத்துப்போட்டேன். அது வாதமாகாது என்பது எனக்கே தெரிந்தது. அலாமெய்னில் வானத்துக்குக் கீழே அடிவாங்கிய மனிதர் எதையோ கற்றுக்கொண்டிருந்தார். ஜூன் 10ஆம் தேதி மாலை, தம் பெரும் எதிர்த்தாக்குதலைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த கெய்ரின் தலைமையகத்தை லா கேன் என்ற சிற்றூரில் பிரிட்டிஷ் விமானங்கள் தேடிவந்து நொறுக்கின. அவருடைய தலைமை அதிகாரி இறந்தார், கெய்ர் காயத்தோடு தப்பினார், அந்தத் தாக்குதல் நடக்கவே இல்லை.